என் விமானத்துக்கு அவசர ஆன்டெனா பொருத்திய ஓசூர் பட்டறை: ஒரு மதிப்பீடு

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சந்து ஒன்றில், தகர வேலையும் வயர்லெஸ் ஆன்டெனா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் சிறிய பட்டறை இருக்கிறது. தொழிற்சாலைக் காவலர்களின் வாக்கிடாக்கிகளுக்கு ஆன்டெனா அமைப்பதும், கிரானைட் குவாரிகளுக்கு வயர்லெஸ் கம்பம் நட்டுக் கொடுப்பதுமே அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. நான் சூளகிரிப் பக்கத்து மாந்தோப்புக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானத்துக்கு, விமானம் விழுந்தால் இடத்தைத் தெரிவிக்கும் அவசர இடங்காட்டியின் ஆன்டெனாவைப் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டு ஐப்பசி மாதத்தில் அங்கே போனேன். வேலை மார்கழியில் முடிந்தது. விமான வேலை என்று விளம்பரமானால் வேடிக்கை பார்க்க வருபவர்களே கூடுதலாக வருவார்கள் என்று உரிமையாளர் தயங்குவதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஓசூருக்கு விமான வேலை புதியதன்று. தளிச் சாலையில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. இத்தாலிய வடிவமைப்பான பி68சி என்ற இரட்டை எஞ்சின் விமானமும், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா என்ற பயிற்சி விமானமும் அங்கே கட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும் என்னைப் போல் தனியாகக் கொட்டகையில் ஒரே ஒரு விமானம் கட்டுபவருக்கு, சிறு வேலைக்குக் கை கொடுக்கும் ஆளைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. அதனால்தான் இந்த மதிப்பீட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இடங்காட்டிப் பெட்டியை, எங்கள் வட்டாரத்தில் ‘இ.எல்.டி.’ என்றே சொல்கிறோம், நான் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அது ஆரஞ்சு நிறப் பெட்டி. உள்ளே லித்தியம் பேட்டரியும், மோதலின் அதிர்வை உணரும் சுவிட்சும் இருக்கின்றன. விமானம் மோதினால் அது தானாக விழித்துக்கொண்டு, 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வலுவுடன், அரை விநாடி நீளமுள்ள எண்முறைச் செய்தியை ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு முறை வானத்துக்கு அனுப்பும். அந்தச் செய்தியில் விமானத்தின் அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைப்பு இருந்தால் விழுந்த இடமும் இருக்கும். காஸ்பாஸ்–சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல்-மீட்புத் திட்டத்தின் கருவிகளைச் சுமந்த செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துத் தரைக்கு இறக்கும். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பக்கத்து ஊரான பெங்களூரில், இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இருக்கிறது. கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய வலுவில் ஓர் ஊளைச் சத்தமும் போய்க்கொண்டிருக்கும். அதைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-உடன் நின்றுவிட்டது. இப்போது அது அருகில் வந்துவிட்ட தேடல் குழு ஒலியைப் பின்பற்றி வந்து சேருவதற்கு மட்டுமே பயன்படுகிறது.

இத்தனையும் செய்யும் பெட்டிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதன் ஆன்டெனாவை வானொலிக் கம்பியைப் போல் எங்கேயோ செருகிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இயங்கியிருக்க வேண்டிய விபத்துகளில் ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காட்டில்தான் இந்தக் கருவிகள் எதிர்பார்த்தபடி வேலை செய்தன என்கிறது. அது அடுக்கும் காரணங்களில் தவறான பொருத்தல், மோதலில் கேபிள் பெட்டியிலிருந்து கழன்றுவிடுதல், ஆன்டெனா ஒடிதல், விமானம் தலைகீழாகக் கிடத்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. 2015-இல் நாசாவின் லாங்லி மையத்தில் மூன்று பழைய செஸ்னா 172 விமானங்களை உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதித்ததும் இந்தக் கேள்விக்காகத்தான். ஆகவே பட்டறையை நான் ஒரே அளவுகோலால் அளந்தேன்: விமானம் நொறுங்கிய பிறகும் பெட்டியும் கேபிளும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று விடாமல் இருக்கும்படி இவர்கள் வேலை செய்கிறார்களா?

முதல் நாள் உரையாடலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வேலையை எடுத்துக்கொண்ட மேஸ்திரி, ஆன்டெனாவைக் கையில் வாங்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “சார், பாடி தகரமா, ஃபைபரா?” என்பதுதான். ஃபைபர் என்றேன். “அப்படின்னா கீழே தகடு விரிக்காம இது சும்மா குச்சிதான் சார்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாத விற்பனையாளர்களிடம் நான் இதற்கு முன் பேசியிருக்கிறேன்.

அவர் சொன்னது சரி. செங்குத்தாக நிற்கும் கால் அலைநீளக் கம்பி, தன் காலடியில் இருக்கும் உலோகப் பரப்பை மறுபாதியாகக் கொண்டுதான் அலைபரப்புகிறது. அலுமினிய உடல் கொண்ட விமானத்தில் உடலே அந்தப் பரப்பாகிவிடும். கண்ணாடி இழை உடலுக்கும் துணி போர்த்திய உடலுக்கும் அது கிடையாது. நாம்தான் உள்ளே விரிக்க வேண்டும். அளவும் கணக்குத்தான்: 406 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 74 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு பதினெட்டரை. 121.5-க்கு அலைநீளம் ஏறத்தாழ 247 சென்டிமீட்டர் ஆவதால் கால் பங்கு 62-ஐ நெருங்குகிறது. இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே கம்பி என்பதால், பெரிய அளவை மனத்தில் வைத்துத்தான் தகட்டை விரிக்க வேண்டும்.

என் விமானத்தின் முதுகோ அகலம் குறைந்தது. இருபுறமும் வளைந்து இறங்குவது. ஆன்டெனாவையே உடலுக்குள் நிறுத்திவிடலாம், கண்ணாடி இழை ரேடியோ அலையைத் தடுக்காது என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். வால்கூம்பின் உள்ளே கம்பியைச் செங்குத்தாக நிறுத்த உயரம் போதவில்லை. சாய்த்தோ மடித்தோ வைத்தால் அலையின் திசையும் வலுவும் கெடும். கார்பன் இழை உடலாக இருந்திருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை, அது அலையை மறைத்துவிடும். கடைசியில் மேஸ்திரி காட்டிய இடமே சரியாகப்பட்டது: கூரைக் கண்ணாடிக்குப் பின்னால், உடலைக் குறுக்கே தாங்கும் சட்டத்தின் மேல், வாலின் செங்குத்துத் துடுப்பிலிருந்து போதிய தொலைவில். பேச்சு வானொலியின் ஆன்டெனா என் விமானத்தில் வயிற்றுப் பக்கம் இருப்பதால் இரண்டுக்கும் நடுவே உடலே வந்துவிடுகிறது.

நான்கு பட்டைகளை நான்கு திசையிலும், ஒவ்வொன்றும் 62 சென்டிமீட்டர் நீளத்தில், உள்தோலோடு ஒட்டி விரித்தார்கள். பக்கவாட்டுப் பட்டைகள் உடலின் வளைவைப் பின்பற்றிக் கீழே இறங்குகின்றன, அதனால் கெடுதல் இல்லை. இங்கேதான் முதல் பிழையும் நடந்தது. அடித்தகடு அலுமினியம், அதன் மேல் நேரடியாகச் செப்புப் பட்டைகளை வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியாததன்று. கையில் செப்புப் பட்டை இருந்தது, ஒட்டிவிட்டார்கள். நான் சுட்டிக் காட்டியதும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றி, மெல்லிய அலுமினியப் பட்டைகளை வைத்து மீண்டும் ரிவெட் அடித்தார்கள். அதற்குக் கூலி கேட்கவில்லை. ஆனால் நான் அன்று போகாமல் இருந்திருந்தால் அதன் மேல் ரெசின் பூசி மூடியிருப்பார்கள் என்பதும், மூன்று மழைக்காலம் கழித்து இணைப்பு இற்றுப்போயிருக்கும் என்பதும், அது வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான். இந்தப் பட்டறைக்குப் போகிறவர் வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.

இவர்களுடைய உண்மையான திறமை வெளிப்பட்டது பெட்டியைப் பொருத்திய விதத்தில். பெட்டியின் தாங்கிக்கு நடைமுறையில் ஒரு விதி உண்டு: எந்தத் திசையில் எளிதாக அசையுமோ அந்தத் திசையில் 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ விசையோடு இழுத்தாலும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. ஆன்டெனாவின் அடியும் அதன் எடையைப் போல் 100 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். 200 கிராம் எடையுள்ள என் ஆன்டெனாவுக்கு அது 20 கிலோ ஆகிறது. தளர்ந்த தரையில் பெட்டியைத் திருகிவைத்தால், மோதலின்போது தரை வில்லைப் போல் வளைந்து அதிர்வைத் தின்றுவிடும், சுவிட்சுக்குச் சரியான அதிர்வு போய்ச் சேராது. இதை நான் விளக்கியதும் மேஸ்திரி மாங்காய் மண்டியில் எடை போடும் தொங்கு தராசு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அதன் கொக்கியைத் தாங்கியில் மாட்டி, முள் 45-ஐத் தொடும்வரை இழுக்க, நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டேன். முதல் இழுப்பில் ஆறு மில்லிமீட்டர் நகர்ந்தது. பெட்டி அசையவில்லை, ஃபைபர் தரைதான் வளைந்தது. தரைக்கு அடியில் ஒரு விலாச்சட்டம் வைத்து ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, மறுபடி இழுத்தபோது நகர்வு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. சான்றிதழ் பெற்ற நிறுவனங்கள்கூட இந்த இழுவைச் சோதனையைத் தாளில் மட்டும் நிறைவேற்றுவதுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே அது தராசில் நடந்தது. கொட்டகையில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இந்தத் தராசு யோசனையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஆன்டெனாவின் அடியில், உடலின் உள்பக்கம், டப்ளர் எனப்படும், வலுவூட்டும் அலுமினியத் தகடு வைத்திருக்கிறார்கள். துளையைச் சுற்றி நீர் புகாத பசை. மேலே ரப்பர் கேஸ்கெட். வேலை சுத்தம்.

கேபிள் விஷயத்தில் அவர்களுக்கும் எனக்கும் சற்று வாக்குவாதமே நடந்தது. குவாரி வேலைக்கு வாங்கி வைத்திருந்த ஆர்.ஜி. 58 கேபிளைப் போட்டுவிடலாம் என்றார்கள். ஒரு மீட்டருக்குள் முடியும் ஓட்டத்தில் அலையிழப்பு இரண்டு வகைக்கும் பெரிதாக மாறாது என்பது சரியான வாதம்தான். ஆனால் என் கவலை இழப்பைப் பற்றியது அன்று. ஆர்.ஜி. 58-இன் மேலுறை சாதாரண பி.வி.சி.; தீயில் உருகும், புகையும். ஆர்.ஜி. 400 கேபிளுக்கு டெஃப்லான் காப்பும் வெள்ளி பூசிய இரட்டைப் பின்னலும் உண்டு, வெப்பத்தைத் தாங்கும். விழுந்த விமானத்தில் தீ என்பது அரிதான நிகழ்வன்று. கேபிளை நானே பெங்களூர் எஸ்.பி. சாலையில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

கொடுத்த கேபிளை முதல் முறை அவர்கள் அளவாக வெட்டிவிட்டார்கள். கண்ணுக்கு மிக அழகாக, இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி மாதிரி இருந்தது. வீட்டு மின்கம்பியில் அது நல்ல வேலை. இங்கே அதுதான் ஆபத்து. உடல் நெளியும்போது ஆன்டெனாவுக்கும் பெட்டிக்கும் இடையிலான தூரம் மாறும். தளர்வில்லாத கேபிள் பி.என்.சி. கனெக்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டு முனைகளிலும் சிறு வளையம் விட்டு, நடுவில் மட்டும் சட்டத்தோடு கட்ட வேண்டும் என்றேன். மேஸ்திரிக்கு முகம் வாடிவிட்டது. பட்டறையின் இளைஞர் ஒருவர்தான், “அண்ணே, டிராக்டர் டிரெயிலருக்கு ஒயர் விடுற மாதிரி” என்று சொல்லி நிலைமையைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாவது கேபிள் நீளமாகவே வந்தது. வால்கூம்பைக் கழற்றும் மூட்டைத் தாண்டாமல், பெட்டியும் ஆன்டெனாவும் ஒரே பகுதிக்குள் இருக்கும்படி முடிந்திருக்கிறது. கனெக்டர்களின் கிரிம்ப் பிடிப்பைக் கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வீணான கேபிளின் விலை மட்டும் என் கணக்கில் விழுந்தது. அதைப் பட்டறை பாதியாவது ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்ற மனத்தாங்கல் இன்னும் உண்டு.

அளவீட்டுக்கு அவர்களிடம் நானோ வி.என்.ஏ. என்ற உள்ளங்கையளவுக் கருவி இருக்கிறது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. பட்டைகளை விரிப்பதற்கு முன், வெறும் ஃபைபர் மேல் நின்ற ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) மூன்றுக்கும் மேலே இருந்தது. முடிந்த பிறகு 406-இல் 1.4, 121.5-இல் 1.9. முதலாவது நன்று, இரண்டாவது ஏற்கத்தக்கது. அளவீட்டின் படத்தை அச்சிட்டு, தேதியிட்டு, கையெழுத்தோடு கொடுத்தார்கள். விமானத்தின் பதிவேட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்: அலையையே பரப்பாத ஒரு வெறும் மின்தடையை மாட்டினாலும் அந்த எண் மிக அழகாக 1-ஐக் காட்டும். ஆகவே கையடக்க வானொலி ஒன்றைத் தோப்பின் மறுகோடியில் வைத்துக் கேட்டும் பார்த்தோம்.

அந்தச் சோதனையில் பட்டறையை நான் கடிந்துகொள்ள நேர்ந்தது. கேபிளை இணைத்ததும் உற்சாகத்தில் ஒருவர் பெட்டியின் சுவிட்சையே ‘ஆன்’ பக்கம் தள்ளப் போனார். நல்ல வேளையாக நான் கையைப் பிடித்துவிட்டேன். அப்படிச் செய்தால் அது சோதனை ஆகாது. உண்மையான அபாய அழைப்பாகவே செயற்கைக்கோளுக்குப் போகும், பெங்களூரில் மணி அடிக்கும், பதிவில் உள்ள தொலைபேசிக்கு அழைப்பு வரும். பெட்டியில் சோதனைக்கென்று தனி நிலை உண்டு. அதில் போகும் 406 செய்தியில் சோதனை என்ற குறியீடு இருப்பதால் மையம் அதைப் புறந்தள்ளிவிடும். 121.5 ஊளையைக் கேட்பதானால், ஒவ்வொரு மணி நேரத்தின் முதல் ஐந்து நிமிடத்துக்குள், மூன்று ஊளைக்கு மேற்படாமல் கேட்டு நிறுத்திவிடுவதே பரவலான வழக்கம். நாங்கள் பதினொரு மணி அடித்ததும் தொடங்கி, பதினொன்று இரண்டுக்கு முடித்தோம். வயர்லெஸ்ஸில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இந்த ஒழுங்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மற்றொரு சோதனையை அவர்கள் செய்யவில்லை, செய்யும்படி நான் கேட்கவும் இல்லை. என் விமானத்தைப் பார்வையிடும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பிறகு செய்தார். பேச்சு வானொலியில் 121.175 போன்ற சில அலைவரிசைகளில் பேசும்போது, அந்த அலையை அவசர ஆன்டெனா வாங்கி, அதன் பதின்மூன்றாம் மடங்கைத் திருப்பி உமிழக்கூடும், அது ஜி.பி.எஸ். அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸின் மேலேயே வந்து உட்காரும். பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் ஜி.பி.எஸ். திரையில் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக மறைந்தால் இதுதான் காரணம். என் விமானத்தில் ஒன்றும் மறையவில்லை. வயிற்றிலும் முதுகிலுமாக ஆன்டெனாக்களைப் பிரித்து வைத்ததற்கு மேஸ்திரியைத்தான் பாராட்ட வேண்டும்.

இந்த மாவட்டத்தில் இதற்கெல்லாம் இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று பட்டறையிலேயே ஒருவர் கேட்டார். ஓசூரிலிருந்து தெற்கே அரை மணி நேரம் பறந்தால் தேன்கனிக்கோட்டைக் காடு, அஞ்செட்டி, மேலகிரி மலைத்தொடர், அதைத் தாண்டினால் ஒகேனக்கல் பள்ளத்தாக்கு. யானை நடமாட்டமுள்ள அந்தக் காட்டின் பல மடிப்புகளில் கைப்பேசிக்கு ஒரு கோடுகூடக் கிடைக்காது. 2009 செப்டம்பரில் ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தபோது, ஓர் அரசின் முழு வலுவோடு தேடியும் மறுநாள் காலையில்தான் அது தென்பட்டது. ஜி.பி.எஸ். இணைக்காத 406 கருவியே ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சுருக்கித் தரும். இணைத்தால் சில நூறு அடி. நான் இணைத்திருக்கிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியும் ஆன்டெனாவும் கேபிளும் என்னுடையவை. தகடு, பட்டை, விலாச்சட்டம், கூலி எல்லாம் சேர்த்துப் பட்டறை வாங்கியது 14,500 ரூபாய், ஜி.எஸ்.டி. ரசீதோடு. நியாயமான தொகை. பத்து நாளில் முடியும் என்று சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்தது; அதில் தீபாவளி விடுமுறை ஒரு வாரம், குவாரி வேலை குறுக்கிட்டது மூன்று வாரம். தொலைபேசியில் கேட்டால் “நாளைக்கு சார்” என்பார்கள். நேரில் போய் உட்கார்ந்தால் வேலை நடக்கும்.

நேர்த்திக்கு ஐந்தில் நான்கரை, நேரந்தவறாமைக்கு ஐந்தில் ஒன்றரை. ஃபைபர் உடலோ துணி உடலோ கொண்ட விமானம் கட்டுகிறவர், கேபிளைத் தானே வாங்கிக்கொண்டும், எந்தெந்தக் கட்டத்தில் தான் பார்க்காமல் மூடக் கூடாது என்பதை எழுதிக் கொடுத்தும் போவதானால், இவர்களிடம் தயங்காமல் போகலாம். அலுமினிய உடல் விமானத்துக்கு இவர்கள் தேவைப்பட மாட்டார்கள். ஒரு டப்ளர் தகடும் நல்ல ரிவெட் கையும் போதும்.

என் விமானம் இன்னும் பறக்கவில்லை என்பதால், மேலே சொன்னதெல்லாம் தரையில் அளந்ததுதான். பெட்டியின் அடையாள எண்ணைப் பெங்களூர் மையத்தில் பதிவு செய்தாயிற்று. பேட்டரியின் காலாவதித் தேதியைத் தாங்கியின் மேலேயே பெயின்ட்டால் எழுதிவைத்திருக்கிறேன். முதல் பறத்தலுக்கு முன் இன்னொரு முறை தராசையும் நானோ வி.என்.ஏ.வையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் வருவதாகச் சொன்னார், இப்போது பங்குனி.